ரெஜினா கட்டிய வண்டியில் இடது பக்க இருக்கை

செவ்வாய்க்கிழமை காலை கொய்யா மரத்தடியில் தார்ப்பாயைத் தூக்கி உதறிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மழை. தார்ப்பாயின் பள்ளத்தில் தேங்கும் தண்ணீரை வெளியே தள்ளாவிட்டால் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். உள்ளே இருப்பது ரெஜினாவின் வண்டி. குகட்பள்ளியிலிருந்து அவள் மகன் ஸ்டீபன் போன் செய்தான். "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க" என்றான். தார்ப்பாய் கையிலிருந்து நழுவி, தண்ணீர் அவ்வளவும் என் காலில் கொட்டியது.

பேரன் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காகச் சனிக்கிழமை மகன் வீட்டுக்குப் போனவள் அவள். புதன்கிழமை வந்து கியர் கம்பியை மாட்டிவிடலாம் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். செவ்வாய் காலை காபி குடித்துவிட்டு சோபாவில் சாய்ந்தாள், அவ்வளவுதான். டாக்டர் இதயம் என்றார். டம்ளர் காலியாக இருந்ததாம். முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஒன்றே ஒன்றைத்தான் பாதியில் விட்டாள். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏழாம் நாள் பூசை முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது, எதிர் வரிசையில் இருந்த ஒருவர், பெயர் வேண்டாம், படிக்கும்போது அவருக்கே தெரியும், "கண்டம் பண்ணித் தூக்கிப்போட்ட வண்டிய வீட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சா இப்படித்தான் ஆகும்" என்றார். பக்கத்தில் இருந்தவர், அந்த வயதில் இரும்பைத் தூக்கினால் நெஞ்சு தாங்குமா என்றார். இன்னொரு அம்மாள், இடம் கொடுத்து ரெஜினாவைக் கெடுத்ததே நான்தான் என்று, எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார். ஸ்டீபன் குனிந்த தலை நிமிராமல், முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அதை எடைக்குப் போட்டுவிடுகிறேன் என்றான். நான் எழுந்து போகவில்லை. ரசம் சோறு வரை சாப்பிட்டு முடித்தேன். கை கழுவி வந்து, "என் வாசலத் தாண்டி அது போகாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

நம் தமிழ்ச் சங்கத்து இதழின் ஆசிரியர் போன் செய்து, படத்தோடு நான்கு வரி போதும் அம்மா, வழக்கமாகப் போடுவது போல் போட்டுவிடலாம் என்றார். நான்கு வரி போதாது. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் அந்த ஐந்து வகுப்பையும் ஒழுங்காகப் படித்தவள். என் பேத்திகள் இருவரும் எஞ்சினியர்கள். நான் தமிழில் பேசினால் எல்லாம் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். அதனால் எழுத்துப் பிழை பார்க்க வீட்டில் ஆள் இல்லை. பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும். சொன்ன விஷயத்தில் யாரும் கை வைக்க வேண்டாம்.

ரெஜினாவின் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். அவள் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போனபோது அவளுக்கு முப்பத்தொரு வயது, ஸ்டீபனுக்கு ஐந்து. கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை கிடைத்தது. அந்தச் சொல் அவளுக்குப் பிடிக்காது. "கருணை இல்லக்கா, அவரு உழைச்ச மிச்சம்" என்பாள். காலையில் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு சைக்கிளில் போவாள். கலாசி என்கிற எடுபிடி வேலையில் சேர்ந்தவள் நான்கு வருஷத்தில் கிரேன் ஓட்டும் வேலைக்கு எழுதிக் கொடுத்தாள். கொட்டகையின் கூரைக்குக் கீழே, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் போய் வரும் கிரேன் அது. இரும்பு ஏணியில் ஏறிக் கூண்டுக்குள் உட்கார வேண்டும். புடவையோடு எப்படி ஏறுவாய் என்று கேட்டவர்களுக்கு அவள் வாயால் பதில் சொல்லவில்லை. மறுநாள் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். ஏன் இந்த வேலைதான் வேண்டும் என்கிறாய் என்று நானும் கேட்டேன். "மேல உக்காந்தா எவனும் தோளுக்குப் பின்னால நின்னு பேச முடியாதுக்கா" என்றாள்.

ஆயுத பூஜையன்று குடும்பங்களை உள்ளே விடுவார்கள். ஸ்டீபனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது நான் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். வந்தவர்கள் பார்க்கட்டும் என்று ரெஜினா ஒரு ஜோடிச் சக்கரத்தைத் தூக்கிக் காட்டினாள். கீழே ஒரு ஆள் கையசைக்க, மேலே அவள் லீவரைத் தள்ள, சக்கரம் பூவாக எழும்பியது. திடீரென்று கூட்டிப் பெருக்கும் ஒரு அம்மாள் முன்னே ஓடிவந்து இரண்டு கையையும் சிலுவை மாதிரி நீட்டி நின்றார். கிரேன் அந்த நிமிஷமே நின்றுவிட்டது. ஒன்றுமில்லை, சக்கரத்தில் போட்டிருந்த சாமந்தி மாலை கொக்கியில் சிக்கிவிடும் என்று அந்த அம்மாளுக்குப் பயம். ஒரு மாலைக்காகவா கிரேனை நிறுத்துவது என்று சூப்பர்வைசர் கத்தினார். மேலேயிருந்து ரெஜினாவின் குரல் வந்தது: "யாரு நீட்டினாலும் நிக்கும் சார்." ஸ்டீபன் கை தட்டினான். அவர்கள் தொழிலில் அதுதான் சட்டம் என்று பிறகு சொன்னாள். தூக்கு, இறக்கு என்று சொல்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை. நிறுத்து என்று சொல்ல அங்கே நிற்கிற எல்லோருக்கும் உரிமை உண்டு.

ரிட்டயர் ஆனதும் ஒரு வருஷம் மகன் வீட்டில் இருந்து பார்த்தாள். பதினோராவது மாடி. "உசரம் இருக்குக்கா, லீவர்தான் இல்ல" என்று சொல்லிவிட்டு, எங்கள் தெருமுனையில் ஒரு மாடி போர்ஷனை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஒருநாள் மத்தியானம் போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். இரண்டே பேர் உட்காரும், கூரை இல்லாத ஒரு சின்னக் கார். கடையில் வாங்குவது இல்லை, நாமே கட்டுவது. இரும்புச் சட்டமும் மேலே போர்த்தும் உடம்பும் கோயம்புத்தூரிலிருந்து பெட்டியில் வரும். எஞ்சின், கியர் பாக்ஸ், அச்சு, ஸ்டியரிங், ஒயர் எல்லாம் ஏதாவது ஒரு அடிபட்ட காரிலிருந்து நாம் எடுத்துப் பொருத்த வேண்டும். அந்த அடிபட்ட காருக்கு டோனர் என்று பெயராம். கண் தானம், கிட்னி தானம் மாதிரியா என்று கேட்டேன். அதேதான் என்றாள். ஒரு ரெடிமேட் கார் வாங்கித் தொலையேன் என்றேன். "வாங்கினா அது கம்பெனி வண்டி. கட்டினா என் வண்டி."

ரோட்டில் ஓட்ட விடமாட்டார்கள், பதிவு செய்ய முடியாது என்று ஸ்டீபன் தலையில் அடித்துக்கொண்டான். நண்பர்கள் என்ன சொல்வார்கள் என்ற வெட்கமும் அவனுக்கு இருந்தது. அவள் நிதானமாகக் கேட்டாள்: "என் கிரேன் மட்டும் ரோட்டுலயா ஓடுச்சு? இந்தச் சுவத்துக்கும் அந்தச் சுவத்துக்கும் இருபத்தஞ்சு வருஷம் ஓட்டினேன். நீ படிச்சதே அதுலதான்டா." பெட்டிகள் வந்தன. அவளுக்கு இடம் இல்லை. என் வீட்டில் கொய்யா மரமும் தகரக் கொட்டகையும் இருந்தன. அங்கே இறக்கினோம். ஆமாம், நான்தான் இடம் கொடுத்தேன். மறுபடியும் கேட்டால் மறுபடியும் கொடுப்பேன்.

டோனர் தேடிப் போன நாளை எழுதாமல் இருக்க முடியாது. எஞ்சின் முன்னால் இருப்பதால், பின்னால் அடிபட்ட கார்தான் வேண்டும் என்பது அவள் கணக்கு. வாரங்கல் சாலையில் ஊரைத் தாண்டி, இன்சூரன்ஸ்காரர்கள் தேறாது என்று எழுதித் தள்ளிய கார்களை வாங்கி விற்கும் ஒரு யார்டு. நாங்கள் இரண்டு கிழவிகளும் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினோம். யார்டின் சேட் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, ஆம்பளைங்க யாரும் வரலையா என்று உருதுவில் கேட்டார். ரெஜினா அவர் பாஷையிலேயே திருப்பிக் கேட்டாள்: "கைக்கு? காடி தேக்னே கு மூச்சாங் ஹோனா க்யா?" ஏன், வண்டி பார்க்க மீசை வேண்டுமா என்று. அங்கே டயர் உருட்டிக்கொண்டிருந்தவன் சிரித்து, டயரை விட்டுவிட்டான்.

இரண்டு வெள்ளைக் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் ஒரே கம்பெனி, இரண்டும் டாக்சியாக ஓடியவை, இரண்டுக்கும் பின்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. முதல் கார் உள்ளே பளபளவென்று இருந்தது, வாசனை கூட அடித்தது. அதைத்தான் சேட் காட்டினார். ரெஜினா எஞ்சினைப் பார்க்கவில்லை. உள்ளே உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள், கடைசி முனை வெளியே வரும் வரை. அங்கே காய்ந்த சேறு ஒரு கோடாக ஒட்டியிருந்தது. "இது வெள்ளத்துல குளிச்ச வண்டி. சீட்ட மாத்துவான், கார்ப்பெட்ட மாத்துவான், பெல்ட்டோட வாலை மட்டும் எவனும் கழுவமாட்டான்" என்றாள். இரண்டாவது கார் உள்ளே குப்பைத்தொட்டி மாதிரி இருந்தது. லாரி பின்னாலிருந்து இடித்ததாம், ஓட்டியவருக்குக் கையில் சிராய்ப்போடு போயிற்றாம். அதன் பெல்ட் வால் வரைக்கும் சுத்தம். அதைத்தான் எடுத்தாள்.

பேப்பர்கள் கைக்கு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வாங்கிய பொருளை அடையாளம் வைக்காமல் விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் நிலைவாசலுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிற கை. பர்ஸில் அம்மன் கோயில் குங்குமம் இருந்தது. தண்ணீர் தொட்டுக் குழைத்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து அடையும் உள் சட்டத்தில் மூன்று பொட்டு வைத்தேன். ரெஜினா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "இன்னாக்கா, நீயும் வைக்கிறதில்ல, நானும் வைக்கிறதில்ல, வண்டிக்கு வைக்கிறியா?" என்றாள். நம்ம ரெண்டு பேரோடதும் சேர்த்து அதுக்கு இருக்கட்டும் என்றேன். கதவை அவளே மெதுவாகச் சாத்தினாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு காலை, யாதகிரி என்கிறவரின் ரெக்கவரி லாரியில் மறுபடி போனோம். யார்டின் கிரேன் காரைத் தூக்கி லாரியின் பலகை மேல் வைக்க வேண்டும். சுற்றி ஐந்து பேர் நின்று ஐந்து விதமாகக் கத்தினார்கள். ரெஜினாவுக்கு அது பொறுக்கவில்லை. கிரேன்காரனிடம், இந்த அம்மா கையை மட்டும் பார், வேறு யாரையும் பார்க்காதே என்று என்னை நிறுத்தினாள். எனக்கு மூன்று சைகை சொல்லிக் கொடுத்தாள். விரலை மேலே சுற்றினால் தூக்கு. கீழே சுற்றினால் இறக்கு. இரண்டு கையையும் நீட்டினால் நிறுத்து. "நீட்டினா நீட்டினதுதான். நான் இறக்குன்னு சொல்ற வரைக்கும் இறக்கக் கூடாது" என்றாள்.

விரலைச் சுற்றினேன். கார் எழும்பியது. ஒரு ஆள் உயரம் போனதும் அதன் ஓட்டுநர் பக்கக் கதவு தானாகத் திறந்து ஆடியது. சட்டம் என் கண்ணுக்கு நேராக வந்தது. பொட்டு இல்லை. நான் இரண்டு கையையும் நீட்டினேன். கிரேன்காரன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேலும் தூக்கினான். ரெஜினா ஓடிப்போய் அவன் கிரேனின் படியில் ஏறி நின்றாள். கத்தவில்லை. அவன் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து ஏதோ சொன்னாள். கிரேன் நின்றது.

சேட் வந்தார். மழையில் பொட்டு கரைந்திருக்கும் அம்மா என்றார். ரெஜினா காரைத் தரைக்கு இறக்கச் சொல்லி, உள்ளே உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்தாள். வால் முனையில் சேற்றுக் கோடு. யார்டின் பின்பக்கம், ஒரு வேனுக்கு அந்தப் பக்கம், எங்கள் கார் இருந்தது, மூன்று பொட்டோடும். பசங்க தப்பாக எடுத்துவிட்டார்கள் என்றார் சேட். நான் வாயைத் திறக்கப் போனேன். ரெஜினா என்னைத் தடுத்தாள். "தப்பு யாருக்கும் வரும் சேட். அதுக்குத்தான் கையை நீட்ட ஒரு ஆளு வேணுங்கிறது" என்று தமிழிலேயே சொன்னாள். அவருக்குப் புரிந்தது. அதன் பிறகு சைகையை ரெஜினாவே காட்ட, எங்கள் கார் தூக்கப்பட்டு, லாரியில் உட்கார்ந்து, கொக்கி கழன்று வெறுமையாகத் தொங்கும் வரை நான் கையை இறக்கவில்லை. தோள் இரண்டும் தீயாக எரிந்தன. அப்புறம்தான் அவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "இப்போ இறக்குக்கா."

லாரியின் முன் இருக்கையில் யாதகிரி, ரெஜினா, நான். ஒரு டாக்சி பிடித்துப் போனால் தீர்ந்துபோகிற வேலைக்கு ஏனம்மா இந்தப் பாடு என்று அவர் தெலுங்கில் கேட்டுக்கொண்டே வந்தார். கொஞ்ச தூரம் போனதும் ரெஜினா ஓரம் கட்டச் சொன்னாள். இறங்கி, காரின் சக்கரங்களைக் கட்டியிருந்த பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். இரண்டு தளர்ந்திருந்தன. "மொத குலுக்கலுக்கு அப்புறம்தான் அது கட்டா இல்லையான்னு தெரியும்" என்றாள். யாதகிரி அதற்குப் பிறகு டாக்சி பேச்சை எடுக்கவில்லை. ஹப்சிகுடா சிக்னலில் மெட்ரோ தூணுக்குக் கீழே நின்றபோது பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் நொறுங்கிய காரையும் எங்களையும் பார்த்து உச் கொட்டினார்கள். விபத்தில் தப்பித்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள். ரெஜினா அவர்களுக்குக் கையசைத்தாள்.

என் வீட்டு வாசலில் கார் உள்ளே நுழையவில்லை. நசுங்கிய பின்பக்கம் விரிந்து கிடந்தது. ஒரு பின்சக்கரம் சுழலவே இல்லை. தெருவே கூடிவிட்டது. பந்தியில் பேசிய அந்த மூன்று பேரில் இரண்டு பேர் அன்றும் அங்கே இருந்தார்கள், அன்றும் பேசினார்கள். ரெஜினா கேட்டின் கீல் ஆணியைத் தட்டி எடுத்து, கேட்டையே கழற்றிச் சுவரில் சாய்த்தாள். நான்கு இரும்புக் குழாய்களை உருளையாகப் போட்டாள். பேச்சு பேசியவர்களையே தள்ளச் சொன்னாள். தள்ளினார்கள் ஐயா, மூச்சு வாங்கத் தள்ளினார்கள். இப்போது வீட்டுக்குள் கொண்டுவந்தது பாவம் என்றால், அந்தப் பாவத்தில் அவர்கள் தோளும் இருக்கிறது.

எட்டு மாதம் அந்தக் காரைப் பிரித்தோம். ஒவ்வொரு இடத்தின் போல்ட்டுகளையும் பழைய ரவிக்கைத் துணியில் தனித்தனி மூட்டையாகக் கட்டினோம். மூட்டைக்கு மூட்டை சீட்டு எழுதியது நான். இடது முன் சக்கரம். பிரேக் பெடல். ஸ்டியரிங் அடி. என் ஐந்தாம் வகுப்பு எழுத்து அங்கேதான் உத்தியோகம் பார்த்தது. எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சிய வெறும் கூட்டை அவளே ஆள் வைத்து எடைக்கு அனுப்பினாள். அடிபட்ட வண்டி வீட்டில் இருக்கிறது என்பவர்களுக்குச் சொல்கிறேன்: அது போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருப்பது வேறு வண்டி.

நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினைப் புதுச் சட்டத்தில் உட்கார வைத்த வெள்ளிக்கிழமை, அவள் தன் மாடி போர்ஷனில் குளித்துக்கொண்டிருந்தபோது, பூஜை போடுவதற்கு முன் சுத்தமாக இருக்கட்டும் என்று சோப்புத் தூள் போட்டு எஞ்சினை ஹோஸ் பைப்பால் கழுவிவிட்டேன். பக்கத்தில் ஒயர்களோடு ஒரு தகரப் பெட்டி. அதையும் நன்றாகத் தேய்த்தேன். அதுதான் எஞ்சினுக்கு மூளையாம். ரெஜினா ஈரத் தலையோடு வந்து பார்த்தாள். படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். "வெள்ளத்துல குளிச்ச வண்டி வேணாம்னு அவ்ளோ தூரம் போய்ப் பாத்து எடுத்தோம். வெள்ளத்த நீ வூட்டுலயே வுட்டுட்டியேக்கா" என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் சிரித்தாள். பெட்டியைக் கழற்றி, ஈரத்தை இழுக்கட்டும் என்று என் அரிசி டிரம்மில் புதைத்தோம். அது போன் இல்லை பாட்டி, ஒன்றும் நடக்காது என்று சின்னப் பேத்தி தெலுங்கில் சொன்னாள். ஒன்பது நாள் அந்த டிரம்மைத் திறக்கவில்லை. ஒன்பது நாளும் சப்பாத்திதான். பத்தாம் நாள் பெட்டியை மாட்டிச் சாவியைத் திருப்பினாள். மூன்று தடவை இருமியது. நான்காவது தடவை பிடித்துக்கொண்டது. சைலன்சர் இல்லாத எஞ்சின். கொய்யா இலையெல்லாம் நடுங்கியது. மாடிகளில் தலைகள் தெரிந்தன. அரிசி காப்பாற்றியதா, தண்ணீரே உள்ளே போகவில்லையா, எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தது மட்டும் தெரியும். செத்த வண்டி என்று சொன்னவர்கள் அன்று வந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் முதலில் பொருத்தியது இருக்கை. வலது பக்கம் அல்ல, இடது பக்கம். என்னை நிற்க வைத்து, உட்கார வைத்து, நூல் பிடித்து அளந்து, என் முட்டி வலிக்கு ஏற்றாற்போல் இரண்டு விரல் உயர்த்தி வைத்தாள். ஓட்டுகிறவளுக்கு இருக்கை வேண்டாமா என்று கேட்டேன். "ஓட்டுறவ முக்காலி மேல கூட உக்காந்துக்குவா. கூட வர்றவளுக்குத்தான் இருக்கை வேணும்" என்றாள். அந்த இருக்கையில் உட்கார்ந்துதான் தினமும் அவளுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தேன். எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர் ஸ்பானர் எல்லாம் எனக்கு அத்துப்படி. இரும்பு தூக்கினாள் என்கிறார்கள். தூக்கவில்லை. கொட்டகையில் செயின் கப்பி மாட்டி, ஒற்றைக் கையால் சங்கிலியை இழுத்தாள். ஆயுள் முழுக்க டன் கணக்கில் தூக்கியவளுக்கு எதைக் கையால் தூக்கக் கூடாது என்று தெரியாதா?

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை ஸ்டீபன் வந்தான். பின்னால் ஒரு டெம்போ, பழைய இரும்பு எடுக்கும் கபாடிக்காரர், இரண்டு ஆட்கள். என்னைப் பார்க்காமலே உள்ளே வந்தான். அவர்கள் தார்ப்பாயை இழுத்துப் போட்டார்கள். சட்டத்தில் கயிறு கட்டினார்கள், கயிற்றை டெம்போவின் கொக்கியில் மாட்டினார்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது. இத்தனை ஆண்களைத் தள்ளிவிட முடியாது. கத்தவும் வரவில்லை. வண்டிக்கும் வாசலுக்கும் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினேன்.

கபாடிக்காரர், "அம்மா, சைடு" என்றார். டெம்போ டிரைவர் ஹாரன் அடித்தான். ஸ்டீபன் என் கையைப் பார்த்தான். இந்தக் கையிலிருந்து அந்தக் கை வரை பார்த்தான். நாற்பது வயதை நெருங்குகிற ஆள். அவன் முகத்தில் அந்த ஒன்பது வயது வந்து போனதை நான் பார்த்தேன். டெம்போ டிரைவரிடம் திரும்பி, எஞ்சினை அணைக்கச் சொன்னான். கயிற்றை அவிழ்க்கச் சொன்னான். கபாடிக்காரர் ஏதோ முனகினார்; ஸ்டீபன் அவரை வாசல் வரை அழைத்துப் போய் அனுப்பிவிட்டு வந்தான். நான் அப்படியே நின்றேன். தோள் எரிந்தது. நீட்டியதை எப்போது இறக்குவது என்று சொல்லக்கூடியவள் இல்லை என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. அந்த முப்பது நாளில் வராத அழுகை அப்போது வந்தது. கையைத்தான் இறக்கவில்லை.

"பெரியம்மா" என்றான். "இப்போ இறக்குங்க."

இறக்கினேன்.

வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். அவன் அதைக் கிட்டே வந்து பார்த்ததே அன்றுதான். இடது இருக்கையில் உட்காரப் போனான். அது என் இருக்கை, எழுந்திரு என்றேன். வலது பக்கம் இருக்கை இல்லையே என்றான். சட்டத்தில் உட்கார், உங்கம்மா அப்படித்தான் உட்கார்ந்தாள் என்றேன். நல்ல பேண்ட்டோடு கிரீஸ் மேல் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். ரொம்ப நேரம் பிடித்திருந்தான்.

பிரிக்காத மூட்டைகள் இன்னும் மூன்று இருக்கின்றன. ஒன்றில் கியர் கம்பி என்று என் எழுத்து. அதை மாட்ட எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்வேன். ஸ்டீபன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து போனான், பழைய பேண்ட் போட்டுக்கொண்டு. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர்கள் யாரும் ஞாயிறு காலை என் வீட்டுக்கு வரலாம், டிபன் உண்டு. புத்தி சொல்ல வருகிறவர்கள் கேட்டுக்கு வெளியிலேயே சொல்லிவிட்டுப் போகலாம். கொய்யா மரத்திலிருந்து வாசல் வரைக்கும் ஓடினாலும் அது ஓடிய வண்டிதான்.

ரெஜினாவின் துணிமணி மருமகளிடம் போயிற்று, ஜெபமாலை பேரனிடம் போயிற்று. எனக்கு அவள் விட்டுப்போனது இரண்டு. என் முட்டிக்கு அளந்து வைத்த இடது பக்க இருக்கை ஒன்று. வேண்டாம் என்று தோன்றுகிற இடத்தில், எதிரில் யார் இருந்தாலும், இரண்டு கையையும் நீட்டி நிற்கிற நெஞ்சு ஒன்று. இரண்டையும் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.